திருப்பிச் சொல்லச் சொன்னவர்

கயல், முகில், இது உங்கள் இருவருக்கும்.

கடைக்கு அனுப்பும்போதுகூட, "என்னென்ன வாங்கணும், திருப்பிச் சொல்லு" என்று நான் கேட்பதில் உங்களுக்குக் கோபம். போன வாரம் கயல் வாய்விட்டே கேட்டாள்: "ஏம்பா, நாங்க என்னா காது கேக்காதவங்களா?" நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். துடைத்துக்கொண்டே யோசித்தேன். வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது மழுப்பிவிடுவேன். எழுதினால்தான் முழுசாக வரும். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் 'திருப்பிச் சொல்லு' என்னுடையது இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த ஒரு மேடத்தினுடையது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. கேட்காமல் ஒருவர் பெயரைப் போட்டு எழுதினால் அவருக்கே பிடிக்காது.

கயல் பிறப்பதற்கு முந்தைய வருஷங்கள் அவை. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடந்தது. பிரான்சில் இருக்கிற மருந்து குடோன்களுக்கு, பெட்டியில் ஒட்டுகிற லேபிளை அச்சடித்துக் கொடுக்கும் புரோகிராம்தான் அவர்களுடைய பெரிய வேலை. நான் அங்கே வேன் டிரைவர். காலையில் கனகசெட்டிக்குளத்தில் ஆரம்பித்து, காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, முத்தியால்பேட்டை என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவேன். சாயங்காலம் அதே வழியில் இறக்கிவிடுவேன். நடுவில் பகல் பூராவும் ஜெராக்ஸ் எடுப்பது, தபால் கொடுப்பது, காபி வாங்கி வருவது.

மேடம் முத்தியால்பேட்டையில் ஏறுவார். பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதனால் எனக்குப் பக்கத்து சீட்டு. மடியில் எப்போதும் ஒரு கற்றைத் தாள் இருக்கும். அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். வேன் குழியில் இறங்கினால் கோடு எகிறும். "அண்ணே, உங்க ரோடு என் பேப்பர்ல வந்துடுச்சு" என்பார்.

அவர் புரோகிராம் எழுதுகிறவர் இல்லை. அந்த வேலையை எப்படிச் செய்தால் தப்பு குறையும், எப்படிச் செய்தால் சொன்ன நாளில் முடியும் என்று உலகம் முழுக்க யுனிவர்சிட்டிகளில் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதுகிறார்களாம். அவற்றைப் படித்து, எங்கள் எம்.டி. ஒரு முடிவெடுக்க உதவுகிற மாதிரி ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஆபீசில் பாதிப் பேருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றவில்லை. 'ஒத்தைத்தாள் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

"வெச்சிட்டுப் போகட்டும்ணே. ரெண்டு தாள் மேடம்னு ஆயிட்டாத்தான் கவலைப்படணும்."

ஏன் ஒரே தாள் என்றால், எம்.டி. சார் உட்கார்ந்து படிக்கிறவர் இல்லை. காலையில் நான் வாங்கிக்கொண்டு போகிற காபியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் நின்றபடி படிப்பார். காபி ஆறும்வரைதான் படிப்பு. அப்புறம் தாள் மேசைக்குப் போய்விடும். பாரிசில் ரொம்ப நாள் இருந்துவிட்டு வந்தவர். எதையாவது முடிவு செய்துவிட்டால் 'பியேன்' என்பார். பிரெஞ்சில் 'நல்லது, சரி' என்று அர்த்தமாம். பியேன் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மறுபடி எடுக்க ஒருவருக்கும் தைரியம் வராது. ஆள் கெட்டவர் இல்லை. நேரம் இல்லாதவர், அவ்வளவுதான்.

அந்தக் காபிக்குள் முடிகிற மாதிரி மேடம் எழுதுவார். அதுவும் கையால்தான் எழுதுவார். "டைப் அடிச்சா விரல் பாட்டுக்கு ஓடும்ணே. கையால எழுதினா வலிக்கும். வலிச்சா தேவையில்லாதது நிக்காது." கோர்ட் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தாள் விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே நீளமான தாளாக வாங்கி வருவார். சாதாரண ஆபீஸ் தாளைவிட அது நாலு விரற்கடை நீளம். ஒரே தாள் என்று சொல்லிவிட்டு நீளத்தில் கொஞ்சம் ஏமாற்றுகிறார் என்று நான் கிண்டல் செய்வேன். சிரிப்பார்.

எம்.டி.க்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் எனக்குத் தமிழில் சொல்வார். முதல் தடவை சொல்லி முடித்ததும், "எங்க, திருப்பிச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினவன் இல்லையா.

"எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? கிளட்ச் பத்தி கேளுங்க, சொல்றேன்."

"உங்களைச் சோதிக்கலண்ணே. நான் சரியாச் சொன்னேனான்னு உங்க வாயிலதான் தெரியும். நீங்க எங்க தடுமாறுறீங்களோ அங்க என் எழுத்துல தப்பு."

அன்றைக்கு இருந்த விஷயம் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் தப்பு குறைகிறது என்று ஒரு ஆராய்ச்சி.

"ஒரு ஸ்டியரிங்குக்கு ரெண்டு டிரைவரா?" என்றேன்.

"ஒருத்தர் ஓட்டுவாரு. இன்னொருத்தர் ரோட்டைப் பாப்பாரு."

"அதுக்குப் பேரு கிளீனர் மேடம்."

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் விடவில்லை. "யாரை வெச்சு மேடம் பாத்தாங்க இதை?" என்று கேட்டேன். காலேஜில் படிக்கிற பிள்ளைகளை வைத்து, ஒரு மத்தியானத்தில் முடிகிற சின்ன வேலையைக் கொடுத்துப் பார்த்தார்களாம்.

"அப்ப, ஒரு மத்தியானம் மைதானத்துல ஓட்டினவனைப் பாத்துட்டு, மழையில ஈ.சி.ஆர்.ல ஓட்டுறவனுக்கு ரூல் போடுறாங்க."

மேடம் அஜந்தா சிக்னல் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் தாளை எடுத்து, அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு தலைப்பு எழுதினார். "என்னா மேடம் அது?" என்றேன். "'எங்கே பொருந்தாது'ன்னு போட்டிருக்கேன். இனிமே எல்லாத் தாள்லயும் இது இருக்கும். இது உங்க இடம்ணே."

அதற்கப்புறம் ஒவ்வொரு தாளிலும் கோட்டுக்குக் கீழே மூன்று வரி இருக்கும். அந்த மூன்று வரிக்காக மேடம் படுகிற பாடு மேலே இருக்கிற முழுப் பக்கத்துக்கும் படமாட்டார்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் சொன்னார். முன்பு அவரே யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்தவர். பல வருஷம் உழைத்த ஒன்றைப் பற்றி, கம்பெனி நடத்துகிறவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் பேசினாராம். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறார்.

"என்ன மேடம் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. டீ குடுத்தாங்க, குடிச்சேன், வந்துட்டேன். டீ இறங்கிடுச்சு, கேள்வி இன்னும் இறங்கலை."

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். முத்தியால்பேட்டையில் ஒரு டெய்லரிடம் ரவிக்கை அளவைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அவர் கோபித்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "தப்பு அவரு மேல இல்லண்ணே. பரீட்சை வெக்கிற மாதிரி கேட்டிருப்பேன்" என்றார். ஆனாலும் கேட்பதை விடவில்லை. டீம் லீடர்கள் அவர் வருவதைப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

வேனில் வருகிற பெண்களில் ஆறு பேர் டெஸ்டிங் வேலை பார்த்தார்கள். புரோகிராமை வெளியே அனுப்புவதற்கு முன்னால் எல்லா விதத்திலும் ஓட்டிப் பார்த்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை. அதில் கலையரசி என்று ஒரு பெண். கனகசெட்டிக்குளம். அப்பாவுக்குக் கடல் தொழில். டிப்ளமோ படித்தவள். காலையில் முதலில் ஏறுகிறவளும் அவள்தான், சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவளும் அவள்தான். மேடம் சொல்வதைத் தடுமாறாமல் திருப்பிச் சொல்கிற ஒரே ஆள்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "மேடம், மருந்துப் பேரு நீளமா இருந்தா லேபிள்ல ஒரு வரி கூடிப்போவுது. கடைசி வரி வெளியே தள்ளிப் போயிடுது. அதுலதான் எந்தத் தேதி வரைக்கும் சாப்பிடலாம்னு இருக்கு. பாக்கிறவங்களுக்கு லேபிள் முழுசா இருக்கிற மாதிரியே தெரியும்."

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"நான் மேலேர்ந்து படிக்கிறதே இல்ல மேடம். லேபிளை எடுத்ததும், கடைசி வரி வந்திருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன்."

மேடம் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். இதைப் பற்றி எவராவது ஆராய்ச்சி செய்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

இனி சொல்லப்போவதுதான் மழுப்பிவிடுவேன் என்று பயந்த இடம்.

ஆளைக் குறைக்க வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு வந்தது. தனியாக டெஸ்டிங் ஆட்கள் தேவையா, புரோகிராம் எழுதுகிறவர்களே தங்கள் வேலையைத் தாங்களே சோதித்துக்கொண்டால் போதாதா என்று எம்.டி. கேட்டார். "உலகத்துல என்ன சொல்றாங்க மேடம்? வெள்ளிக்கிழமை மீட்டிங். தாள் குடுங்க."

இரண்டு வாரம் மேடம் தலை நிமிரவில்லை. கடைசியில் தாள் தயாரானது. மேலே எழுதியிருந்ததன் சாரம்: தனி ஆட்கள் இல்லாமலும் பல இடங்களில் நன்றாக நடக்கிறது, எழுதுகிறவர்களே சோதிக்கலாம். கோட்டுக்குக் கீழே: இவையெல்லாம் புதிதாக எழுதின புரோகிராம்களில் பார்த்தவை. எழுதினவர்கள் விட்டுப்போன பழைய புரோகிராமில் இதை யாரும் பார்த்ததாக எனக்குக் கிடைக்கவில்லை. நம்முடையது அப்படிப்பட்ட பழைய புரோகிராம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மேடம் லீவு. தங்கை வீட்டு விசேஷம். புதன் சாயங்காலமே தாளை என்னிடம் கொடுத்து, "அஞ்சு ஜெராக்ஸ் எடுத்து, மீட்டிங்ல வெச்சிருங்கண்ணே" என்றார். அன்றைக்கு அவர் ஒன்றை மறந்துவிட்டார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

வியாழன் சாயங்காலம் வேன் கிளம்புகிற நேரத்தில்தான் எனக்கு ஜெராக்ஸ் ஞாபகம் வந்தது. ஓடினேன். மெஷினில் நீளத் தாள் தீர்ந்துபோய் சாதாரணத் தாள்தான் இருந்தது. பட்டனை அழுத்தினேன். ஐந்து தாளும் வந்தன. கோடு வரைக்கும் வந்திருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்தது வரவில்லை.

பிள்ளைகளே, நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். கீழே வேன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, மணியாவுது, இறங்குங்க" என்று கூப்பிட்டார்கள். விஷயமெல்லாம் மேலேதானே இருக்கிறது, எம்.டி. சார் கீழே வரைக்கும் எங்கே படிக்கப்போகிறார், மூன்று வரிதானே என்று நினைத்தேன். ஃபைலில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். 'உங்க இடம்' என்று அவர் எனக்குக் கொடுத்த இடம் அது.

வெள்ளிக்கிழமை மீட்டிங் சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் காபி டம்ளர்களை எடுக்கப் போனபோது எம்.டி. சார் தாளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேடம் தெளிவா எழுதிட்டாங்க. பியேன்." மத்தியானம் ஆறு பெண்களையும் கூப்பிட்டு, மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் போகலாம் என்றும் சொன்னார்கள். கலையரசி அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேனில் காலாப்பட்டுக்கு அப்புறம் அவள் ஒருத்திதான். முன்னால் குனிந்து கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பேப்பர்ல எங்களைப் பத்தி என்னா எழுதியிருந்துச்சு?"

கியரை மாற்றினேன். "முழுசாத் தெரியலம்மா" என்றேன்.

"மேடம் எழுதினதுன்னா சரியாத்தான்ணே இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா காய்ச்சலா என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை, அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும், கனகசெட்டிக்குளத்தில் வேனை நிறுத்திக் காத்திருந்தேன். கலையரசியின் அம்மா மீன் கூடையோடு வந்தவர், என்னைப் பார்த்து நின்றார். "நேத்தே மெட்ராசுக்குப் போயிட்டா தம்பி. அவ மாமன் வந்து இட்டுகினு போயிட்டாரு. அங்க தையல் கம்பெனியில வேலையாம். நீ எதுக்கு இன்னும் இங்க வந்து நிக்கிற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். ஹாரன்கூட அடிக்காமல் வண்டியைத் திருப்பினேன்.

முத்தியால்பேட்டையில் மேடம் ஏறினார். கையில் விசேஷ வீட்டு முறுக்குப் பொட்டலம். பின்னால் திரும்பி, "கலை எங்க?" என்றார். ஒரு பெண் நடந்ததைச் சொன்னாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஆபீஸ் வாசலில் எல்லோரும் இறங்கின பிறகும் அவர் இறங்கவில்லை. நான் என்ஜினை நிறுத்தினேன். "மேடம், ஜெராக்ஸ் கோடு வரைக்கும்தான் வந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டும் விட்டுட்டேன்."

மேடம் முறுக்குப் பொட்டலத்தின் நூலைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டுக்கு கீழ ஒண்ணுமே வரலையா?"

"ஒண்ணும் வரலை மேடம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "முழுசா வந்திருந்தாலும், அங்க வர்றதுக்குள்ள அவரு காபி ஆறியிருக்கும்ணே" என்றார். "முக்கியமானதைக் கொண்டுபோய் அடியில எழுதினவ நான்." அப்புறம், "நீங்க பண்ணதும் தப்புதான். வாங்க, ரெண்டு பேருமாப் போவோம்" என்று இறங்கினார்.

எம்.டி. சார் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அன்று காபியை வேறு யாரோ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். மேடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், வெள்ளிக்கிழமை என்ன முடிவெடுத்தீங்க? எனக்குத் திருப்பிச் சொல்லுங்க."

எம்.டி. சாரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தனி டெஸ்டிங் வேணாம். நீங்கதானே மேடம் எழுதினீங்க?"

மேடம், நான் வேனில் வைத்திருந்த தன்னுடைய நீளத் தாளை அவர் கையில் கொடுத்து, கோட்டுக்குக் கீழே விரலை வைத்தார். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். மேசையில் இருந்த ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை யாரு வெட்டினது?"

"அடியில எழுதினது நான் சார்" என்றார் மேடம்.

"மெஷின்ல போட்டது நான் சார். தெரிஞ்சேதான் விட்டுட்டேன்" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. ஆனா இதுலகூட தப்புன்னு எழுதலையே? தெரியலைன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். தெரியலை."

"தெரியலைன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆராய்ச்சிக்காரங்க வேணுமா மேடம்?"

"அதுக்குத்தான் சார் வேணும். தெரிஞ்சதைச் சொல்ல நூறு பேரு வருவாங்க." மேடத்தின் குரல் உயரவே இல்லை. "தெரியாத இடத்துல எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேணாம். இப்ப புதுசா வந்திருக்கிற வேலையில எழுதுறவங்களே சோதிக்கட்டும். மூணு மாசம் பாப்போம். அது நம்ம இடத்துல நாமளே பண்ற ஆராய்ச்சி. பழைய லேபிள் புரோகிராம்ல கை வெக்க வேணாம். அதுல எந்த வரி எப்ப வெளியே விழும்னு அந்தப் பொண்ணுங்களுக்குத்தான் தெரியும். எழுதினவன் ஒருத்தன்கூட இங்க இல்லை."

எம்.டி. சார் டம்ளரை வாயில் வைத்தார். காபி ஆறிப்போயிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். ஆனால் கையில் இருந்த தாளை மேசையில் போடவில்லை. என்னிடம், "உன்கிட்ட அப்புறம் பேசறேன்" என்றார். அப்புறம் பேசவே இல்லை. மேடத்திடம், "மூணு மாசம்" என்றார். பியேன் சொல்லவில்லை.

மீதி ஐந்து பெண்களுக்கும் வேலை போகவில்லை. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. புது வேலையில் எழுதுகிறவர்களே சோதித்தது நன்றாகத்தான் நடந்தது. அதையும் மேடம் அப்படியே எழுதிக் கொடுத்தார். தான் சொன்னதுதான் சரி என்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

கலையரசியிடம் அந்தத் திங்கட்கிழமையே மேடம், அதே தையல் கம்பெனியில் இருந்த அவள் மாமன் செல்போனில் பேசினார். பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷின்கள் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"சொன்னதுக்குத் தேங்க்ஸ்ணே" என்றாள். "ஆனா எழுந்திருன்னு சொன்ன நாற்காலியில மறுபடி வந்து உக்கார மனசு வரலை. மேடத்துகிட்ட சொல்லுங்க, அவங்க எழுதினது சரியாத்தான் இருந்துச்சுன்னு."

சொன்னேன். மேடம் தலையாட்டினார். அன்று வீட்டு வாசல் வந்தும் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அவர் தாள்கள் தலைகீழாகிவிட்டன. 'எங்கே பொருந்தாது' என்பதுதான் முதலில். "எடுத்ததுமே வேணாம்னு ஆரம்பிக்கிறீங்களே மேடம்" என்று எம்.டி. சார் சலித்துக்கொள்வார். "காபி சூடா இருக்கிறப்பவே படிச்சிடுங்க சார்" என்பார் மேடம். நீளத் தாளையும் விட்டுவிட்டார். சாதாரணத் தாளுக்குள் அடங்க எழுதினார். அடுத்த வருஷம் அவர் வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல். கடைசி நாள் இறங்கும்போது, புது ஊரில் முன் சீட்டிலேயே உட்காரச் சொன்னேன். "திருப்பிச் சொல்லுங்க மேடம்" என்றேன். "முன் சீட்டு" என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை, போன் பேசின மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோர்ட் பக்கத்துக் கடையில் நீளத் தாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் அறைக்குப் போனேன். யாரும் இல்லை. ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத ஆரம்பித்தேன். பெரிய தாளை ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் மெஷினில் பெரிய தாள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஆபீசில் கேட்டு வாங்கி என்று நாலு வரி போனது. படித்துப் பார்த்தேன். கீழே வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தவன் இதையெல்லாம் படிக்கமாட்டான். வியாழக்கிழமை நானே படித்திருக்க மாட்டேன். கிழித்துப்போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் கலையரசி கேட்கிற கேள்வியை மட்டும் எழுதி, பட்டனுக்குப் பக்கத்தில் கோந்து தடவி ஒட்டினேன்.

கடைசி வரி வந்திருக்கா?

பிறகு நீளத் தாளை மெஷினில் நிரப்பி, எம்.டி. சாரிடம் கேட்டு வாங்கி வந்த, மேடம் கையால் எழுதின தாளைக் கண்ணாடி மேல் வைத்து, பட்டனை அழுத்தினேன். தாள் சூடாக வெளியே வந்தது. மேலேயிருந்து படிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, இங்கிலீஷிலிருந்து தட்டுத் தடுமாறித் தமிழுக்கு மாற்றி, அந்த மூன்று வரியையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னேன்.